அளவு நாடாவின் மறுமுனை

கொட்டாஞ்சேனை,
1942 மே 3.

அன்புள்ள நாயகிக்கு,

தேவமாதாவின் பாதுகாவலில் நீரும் உமது தங்கையும் இளவாலையில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். நான் சுகம். நீர் புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு பூசைக்கும் வரமுடியாமல் படுத்திருந்தீரே, அந்தத் தலையிடி பிறகு வந்ததா? அந்தப் பக்கத்து வெயிலுக்கு அது கூடக்கூடும். கொத்தமல்லி அவித்துக் குடியும்.

நீர் போன பிறகு விமான ஆபத்துச் சங்கு இரண்டு முறை ஊதியது. இரண்டும் ஒத்திகை என்று பிறகு சொன்னார்கள். தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பாண் விற்கிறவன் மட்டும் ஒரு வீட்டையும் விடாமல் மணியடித்துக்கொண்டு போகிறான். பக்கத்து வீட்டுக் கிளெமென்றை ஏ.ஆர்.பி. வார்டனாக்கிவிட்டார்கள். பகலில் துறைமுக வேலை, பொழுதுபட்டால் தகரத் தொப்பியும் விசிலும். நேற்று நம் முன்னறை யன்னலில் ஒட்டிய கறுப்புக் கடதாசி ஈரத்தில் கழன்று தொங்க, வெளிச்சம் தெருவில் விழுந்துவிட்டது. அவர் வாசலில் நின்று, “மாஸ்ரர், ஜப்பான்காரனுக்கு வழி காட்டுறீங்களோ? தேத்தண்ணியும் போட்டு வையுங்கோ!” என்று தெருவே கேட்கக் கத்தினார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

ஆனபடியால் யன்னல்களுக்கு உட்கதவு போடும் வேலையைத் தொடங்கிவிட்டேன். குண்டு விழுந்த உயிர்த்த ஞாயிறு காலையில் முன்னறைக் கண்ணாடி உடைந்து உமது செபமாலையின் மேல் கொட்டியதையும், அதன் பிறகு நீர் ஒரு நாளும் சரியாக நித்திரை கொள்ளாததையும் நான் மறக்கவில்லை. “உள்ளுக்கு ஒரு பலகைக் கதவு இருந்தால் நான் திரும்பி வந்து நிம்மதியாய்ப் படுப்பன்” என்று நீர் சொன்னதையும் மறக்கவில்லை. வெளியே எதையும் பொருத்தக்கூடாது என்பது வீட்டுக்காரரின் நிபந்தனை. கண்ணாடிக் கதவுகள் வெளிப்பக்கம் திறப்பவை. ஆகவே நிலைக்கு உள்ளே, நம் பக்கமாகத் திறக்கும் பலகைக் கதவு. கடதாசியும் வேண்டாம், கண்ணாடி உடைந்தாலும் அறைக்குள் வராது.

மரம் விற்கும் விலைக்கு நல்ல பலகை நினைக்கவே முடியாது. கிளெமென்ற் துறைமுகத்திலிருந்து உடைந்த சாமான் பெட்டிகளைக் கொண்டுவந்து தந்தார். பலகையை உடையாமல் கழற்றி, ஆணிகளைக் கல்லில் வைத்து நிமிர்த்தி ஒரு பேணியில் போட்டு வைத்திருக்கிறேன். என்னிடம் உள்ள சீவுளி மொட்டை. சீவினால் பலகை இன்னும் மெலியும் என்று பயந்து, கரடுமுரடாகவே விடத் தீர்மானித்தேன். கையில் சிலாம்பு ஏறாதபடி ஓரங்களை மட்டும் தேய்த்தேன். பார்வைக்கு மாட்டுக்கொட்டில் கதவு போல இருக்கிறது. நீர் சிரிப்பீர். சிரித்தால் நல்லது.

முதல் கதவு வெட்கக்கேடாய்ப் போய்விட்டது. பலகைகளை நிறுத்தி வைத்து, மேலும் கீழும் குறுக்குச் சட்டம் அடித்து, இரண்டுக்கும் இடையில் சாய்வுச் சட்டம் ஒன்றும் அடித்தேன். நிலையில் மாட்டியவுடன் கதவு முனை தொங்கித் தரையைப் பார்த்தது. இரவெல்லாம் யோசித்தேன். சாய்வுச் சட்டத்தின் கால் பிணைச்சல் பக்கத்தில் ஊன்ற வேண்டும். நான் மறுபக்கத்தில் ஊன்றிவிட்டேன். பாரம் இறங்குவதற்கு இடமில்லாமல் போயிற்று. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு யூக்கிளிட் படிப்பித்தவன் ஒரு முக்கோணத்தைத் தலைகீழாக அடித்திருக்கிறேன். அதைவிட, நம் வீட்டில் ஒரு யன்னலிலும் செங்கோணம் இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. மேலே ஓர் அகலம், நடுவில் ஓர் அகலம், கீழே வேறு. ஒரு யன்னலின் கதவு இன்னொன்றுக்கு ஏறாது.

நல்ல வேளை, நீர் போவதற்கு முதல் நாள் மாலை இருவருமாக எல்லாவற்றையும் அளந்தோம். உமது தையல் நாடாவின் தொடக்கத்தை நான் பிடிக்க, மறுமுனையில் நின்று நீர் இலக்கம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அந்த நாடாவை நீர் கொண்டுபோய்விட்டபடியால் இப்போது அடிமட்டக் கோலோடு சீவிக்கிறேன். ஒன்று மட்டும் பிழைத்துவிட்டது. சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறைக்கு எழுதிய அளவுப்படி கதவைச் செய்து முடித்துத் தூக்கிப் பிடித்தால், யன்னலுக்கு ஏறக்குறைய மூன்று அங்குலம் குறைவு. நான்தான் பிழையாக எழுதியிருப்பேன். அரைத் தெருவுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிற உமக்கு நாடாவில் பிழை வராது. வேறொன்று செய்ய வேண்டும். பலகை போதுமோ தெரியாது.

உமது தங்கைக்கு என் அன்பைச் சொல்லும். குருநாகலுக்கு மாற்றிப் போன கந்தோரில் மகன் றொபேட்டுக்கு வேலை அதிகமாம். மருமகள் பேர்ணடெற்றும் பிள்ளையும் சுகமாம். சர்வேசுரன் உமக்கு நல்ல நித்திரையைத் தருவாராக.

உமது அன்புள்ள,
பேர்னாட்


கொட்டாஞ்சேனை,
1942 மே 28.

அன்புள்ள நாயகிக்கு,

உமது சிறு கடிதம் கிடைத்தது. தலையிடி இல்லை என்று எழுதியது ஆறுதல். “அவசரப்பட வேண்டாம், ஆறுதலாகச் செய்யும்” என்று எழுதியிருந்தீர். றொபேட்டும் அதையே எழுதியிருக்கிறான். பின்னறையை விட்டுவிடலாம், வீண் வேலை என்கிறான். என் வயதை நினைத்துச் சொல்கிறான். ஆனால் பின்னறையில் ஓர் ஓட்டை இருந்தால் முன்னறையை அடைத்து என்ன பயன்? வெளிச்சம் ஓட்டையைத் தேடித்தான் போகும்.

நீர் கேட்டபடி தையல் மெஷினையும் திரு இருதயப் படத்தையும் சாக்குச் சுற்றி, றொபேட்டின் கந்தோர் ஆள் கையில் கொடுத்தனுப்பினேன். பாரமான மெஷின். நீர் இங்கே திரும்பும்போது அதையும் சுமந்துகொண்டு வரவேண்டுமே என்று யோசித்தேன். அங்கே தைக்கிற கூலி நல்லதாக இருக்கும், அதனால் கேட்டிருப்பீர் என்று நினைத்துக்கொண்டேன். படம் இருந்த இடத்தில் சுவர் வெள்ளையாக ஒரு சதுரம் தெரிகிறது. செபிக்கும்போது அந்தச் சதுரத்தைப் பார்த்தே செபிக்கிறேன்.

இப்போது உம்மிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். கதவு எல்லாம் நிலையில் ஏறிவிட்டது. ஆனாலும் ஓரத்தில் நூலளவு வெளிச்சம் கசிந்துகொண்டே இருந்தது. சாக்கு வைத்துப் பார்த்தேன், தடிப்பாகி மூட முடியவில்லை. கம்பளியை வெட்ட மனம் வரவில்லை, அது உமது சீதனக் கம்பளி. கடைசியில் என் பட்டதாரி அங்கியை எடுத்தேன். பரிசளிப்பு விழாவுக்கு நீர் இஸ்திரி போட்டுத் தரும் அந்தக் கறுப்பு அங்கியேதான். இனி யார் எனக்கு மேடை போடப்போகிறார்கள்? நீட்டுப் பட்டிகளாக வெட்டி, கதவுகளின் ஓரமெல்லாம் வைத்துச் சிறு ஆணியால் அடித்தேன். அங்கியின் கைகள் இரண்டையும் வெட்டாமல் வைத்திருக்கிறேன், ஏன் என்று தெரியவில்லை.

முந்தநாள் பொழுதுபட்டதும் எல்லா விளக்கையும் கொளுத்தி, கதவுகளைச் சாத்தி, கிளெமென்றை அழைத்துத் தெருவில் நின்று பார்த்தோம். வீடு இருந்த இடமே தெரியவில்லை. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்து, “மாஸ்ரர், இதுக்குள்ளை ஆள் இருக்கெண்டு கர்த்தருக்கே தெரியவராது” என்றார். நான் சிரித்தேன். அவர் என்னோடு சேர்ந்து சிரிக்கவில்லை. “போதும் மாஸ்ரர், இனி ஆறுங்கோ. கன வேலை செய்திட்டீங்கள்” என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். அவருக்கும் ரோந்து அலுப்பு.

நம் படுக்கையறைக் கதவில் ஒரு விளையாட்டுச் செய்திருக்கிறேன். ஒரு பலகையில் ‘கண்ணாடி, கவனமாகக் கையாளவும்’ என்று ஆங்கிலத்தில் கறுப்பு மையால் அச்சடித்திருந்தது. அதை அழிக்காமல், நீர் படுக்கும் பக்கத்தில் தெரியும்படி வைத்தேன். கண்ணாடிக்குப் பயந்தவருக்குக் காவலாக நிற்கட்டும்.

நீர் வரும் நாளை எழுதவில்லை. கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளுக்கு வந்துவிடும். ரயில் நிலையத்துக்கு நானே வருவேன். வேறென்ன? சின்ன அறைக்குச் செய்து பிழைத்த கதவைச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறேன். விறகாக்க மனம் வரவில்லை.

உமது வரவை எதிர்பார்க்கும்,
பேர்னாட்


கொட்டாஞ்சேனை,
1942 ஜூன் 16.

அருள்நாயகிக்கு,

நான் சுகம். அந்தோனியார் திருநாள் முடிந்தது. உமது பெயரில் மெழுகுவர்த்தி கொளுத்தினேன். அன்று காலை ரயிலுக்கும் போயிருந்தேன். நீர் வருவதாக எழுதவில்லை என்பது தெரியும், இருந்தாலும் போனேன்.

மறுநாள், ஞாயிறு, பூசையால் வந்து சாப்பிட்டு எழும்பும்போது வாசலில் ஒருவர் தொப்பியும் சாரமுமாக நின்றார். நல்ல மரியாதையான மனிதர். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன். என் நினைவில் பிழை இருந்தால் நீர் திருத்தும். உமக்கு அவரை என்னைவிடத் தெரியும்.

“மாஸ்டர், நான் ராசிக். முகத்துவாரத்துல எங்கட வீட்ட பட்டாளம் எடுத்துட்டாங்க. ஒங்கட மகன் றொபேட் சாவிய ஜூலை மொதலாந் தேதி தாறெண்டு சென்னாரு. எங்கட வீட்டு ஆள் திரைச்சீலைக்கு அளவு எடுத்துட்டு வரச் சென்னா. அதான் ஒருக்கா பாத்துட்டுப் போக வந்த” என்றார்.

வேறு வீட்டுக்கு வந்துவிட்டார் என்று நினைத்தேன். அதைச் சொல்லவும் கூச்சமாக இருந்தது. உள்ளே வரச் சொன்னேன். அவர் நேரே படுக்கையறைக்குப் போனார், வழி கேட்கவில்லை. “நான் ரெண்டாந் தரம் வாற. மொதல் தரம் வந்தப்ப நீங்க கோயிலுக்குப் போயிருந்தீங்க, ஒங்கட நோனாதான் எல்லாம் காட்டினா. பாவம், பயந்து போயிருந்தா. அப்ப இந்தக் கதவொண்ணும் ஈக்கல்லயே” என்று சொல்லி, உட்கதவைத் திறந்தும் மூடியும் பார்த்தார். பட்டியைத் தடவினார். “இது நல்ல துணியாச்சே!” என்றார். பிறகு, “கதவெல்லாம் அப்படியே உட்டுட்டுப் போவாரெண்டு நோனா சென்னாவாம், மகன் சென்னாரு. மெய்யா மாஸ்டர்?” என்று கேட்டார்.

ஓம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்லுவது? ஒவ்வொன்றும் தன் யன்னலுக்கு மட்டுமே ஏறும். திரைச்சீலை அளப்பதற்கு நாடாவின் மறுமுனையை நானே பிடித்துக் கொடுத்தேன். எந்த யன்னல் மேலே அகலம், எது கீழே அகலம் என்பதையும் சொல்லிக் கொடுத்தேன். அவருக்குத் தேத்தண்ணீரும் கொடுத்தேன். அந்த மனிதரில் ஒரு குறையும் இல்லை. எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. போகும்போது என் கையைப் பிடித்து, “யாழ்ப்பாணத்துல நோனாவோட நிம்மதியா இருங்க மாஸ்டர்” என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

அதன் பிறகு கிளெமென்றிடம் போனேன். அவர் முற்றத்தில் மணல் வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தவுடன் வாளியைக் கீழே வைத்துவிட்டார். “அக்காதான் சொல்லவேண்டாமெண்டு கேட்டவ, மாஸ்ரர். கையெடுத்துக் கும்பிடாத குறை. உங்களுக்கு ஒரு வேலை குடுத்து வைச்சால் யோசிக்க மாட்டீங்களாம். றொபேட் மாதக் கடைசியிலை லொறியோடை வந்து, அப்ப சொல்லுவானாம். பெட்டிப் பலகை கொண்டுவந்து குடுக்கச் சொன்னதும் அவன்தான்” என்றார். பிறகு, “நான் ரெண்டு தரம் சொல்ல வந்தனான். நீங்கள் அந்தக் கதவைத் திறந்து மூடிக் காட்டிக்கொண்டு நிண்டீங்கள். வாய் வரேல்லை” என்றார். அவரோடு கோபிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து எல்லா உட்கதவையும் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம்தான், ஆனால் விளக்கு வேண்டியிருந்தது.

நாயகி, ஏன் போனீர் என்று நான் கேட்கவில்லை. உமக்குப் பயம். அந்தக் கண்ணாடிச் சத்தம் உமது காதை விட்டுப் போகவில்லை. வாடகையும் றொபேட் கொடுப்பது, வாடகைச் சீட்டும் அவன் பெயரில். அவன் செய்தது நியாயம் என்று பத்துப் பேர் சொல்லுவார்கள், பதினோராவது ஆளாக நானும் சொல்லுவேன். எனக்கு முன்பே சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு மாதம் யோசித்திருப்பேன். புத்தகங்களை எங்கே வைப்பது என்று கேட்டிருப்பேன். மாட்டேன் என்று ஒரு நாளும், பார்ப்போம் என்று ஒரு நாளும் சொல்லி உம்மை வதைத்திருப்பேன். பிறகு உமது முகத்தைப் பார்த்துச் சம்மதித்திருப்பேன். எப்போதும் அப்படித்தானே சம்மதித்தேன்? இந்த ஒரு முறை மட்டும் நீர் அதுவரை பொறுக்கவில்லை.

அதையும் என்னால் தாங்க முடியும். எதைத் தாங்க முடியவில்லை என்று தேடிப் பார்த்தேன். எதையும் ஒழுங்காக எழுதிப் பார்த்தால்தான் எனக்கு விளங்கும், அதனால் எழுதுகிறேன். றொபேட் மறைத்தது, கிளெமென்ற் மறைத்தது, நீர் தலையிடி என்று படுத்தது, இவை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டேன். கடைசியில் அந்த மாலை மட்டும் மிஞ்சியது.

அன்று நீர் என்னோடு யன்னல் யன்னலாக வந்தீர். ராசிக்குக்கு வீட்டைக் காட்டி முடித்த பிறகு வந்தீர். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்தும் எட்டியும் மறுமுனையைப் பிடித்து இலக்கம் சொன்னீர். “இன்னும் இறுக்கிப் பிடியும், நாடா தொய்யுது” என்று என்னை ஏசவும் செய்தீர். இந்தக் கதவுகள் யாருக்காக என்று உமக்கு அப்போதே தெரியும். எனக்கு ஒரு வேலை வேண்டும் என்றால் வேலி அடைக்கச் சொல்லியிருக்கலாம், புத்தகங்களுக்கு அட்டை போடச் சொல்லியிருக்கலாம். உமது நித்திரையைச் சொல்லி என்னிடம் வேலை வாங்க வேண்டுமா? பலகை வெட்டும்போதெல்லாம் உமது குரலில் அந்த இலக்கங்களைக் கேட்டுத்தான் வெட்டினேன். தனியாக இருக்கிறேன் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.

சின்ன அறை அளவு எப்படிப் பிழைத்தது என்பதும் இப்போது விளங்குகிறது. நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். அந்த யன்னலுக்கு வரும்போது பொழுதுபட்டுக்கொண்டிருந்தது. நீர் களைத்துப் போயிருந்தீர். அங்கே நீர் நாடாவைப் பார்க்கவில்லை. வாயில் வந்த இலக்கத்தைச் சொன்னீர். இனி அது எவ்வளவாக இருந்தால் என்ன என்று நினைத்திருப்பீர். அந்தக் கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னை நானே முட்டாள் என்று திட்டினேன். பிழை என்னுடையது என்று உமக்கும் எழுதினேன். அதற்கு நீர் பதில் எழுதினீர், ஆறுதலாகச் செய்யும் என்று.

கடுமையாக எழுதிவிட்டேனோ தெரியாது. கிழித்துவிட்டு வேறு எழுதலாமா என்றும் பார்த்தேன். கிழித்தால் பிறகு எழுதமாட்டேன். ஆகையால் இப்படியே அனுப்புகிறேன்.

நான் வருவேன். றொபேட்டின் லொறிக்கு நிற்கமாட்டேன். அவன் வந்து என்னிடம் மெதுவாகச் சொல்லுவதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்குத் தைரியம் இல்லை. அதற்கு முன் இரவு ரயிலில் புறப்படுகிறேன். புத்தகங்களை அவன் கொண்டுவரட்டும். உட்கதவுகளை ராசிக்குக்கு விட்டுவிட்டேன், உமது சொல்லும் பொய்யாக வேண்டாம். ‘கவனமாகக் கையாளவும்’ என்ற பலகையையும் கழற்றவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கும்.

பிழைத்த கதவை மட்டும் கொண்டுவருகிறேன். இந்த வீட்டில் ஒரு யன்னலுக்கும் அது ஏறவில்லை. உம்முடைய வாயிலிருந்து வந்த அளவு, எங்காவது ஒரு யன்னல் அந்த அளவில் இருக்கத்தான் வேண்டும். சாக்குச் சுற்றிவிட்டேன். அங்கியின் இரண்டு கைகளையும் அதற்குள் வைத்திருக்கிறேன், பட்டி போதாவிட்டால் உதவும்.

உம்மிடம் ஒன்று கேட்கிறேன். உமது தங்கையின் வீட்டில் எனக்கென்று ஒதுக்கும் அறையில் யன்னல் இருந்தால், அதை அளந்து எழுதும். மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்திலும். வேறு யாரிடமும் சொல்லாமல், நீரே அளந்து எழுதும். மறுமுனையைப் பிடிக்க நான் அங்கே இல்லை. ஓர் ஆணியில் மாட்டிக்கொள்ளும். நல்ல வெளிச்சத்தில், நாடாவைப் பார்த்து அளந்துகொள்ளும். என்ன இலக்கம் வருகிறதோ அதையே எழுதும். இந்தக் கதவு அதற்குப் பொருந்தாவிட்டால் பொருந்தாது என்றே எழுதும். நீர் எழுதுவதை நான் அடிமட்டம் வைத்துச் சரிபார்க்கமாட்டேன்.

சர்வேசுரன் உம்மைக் காப்பாராக. இரவில் நீர் பயப்படாமல் நித்திரை கொள்ள வேண்டும் என்றே இப்போதும் செபிக்கிறேன்.

பேர்னாட்